சுவர் கேட்ட குரல்

பழைய ஹாக்கி மைதானத்தை இடிப்பதற்கு முன், அதன் சுவர்கள் இத்தனை காலம் கேட்டு வைத்திருந்த சத்தத்தையெல்லாம் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

முன்னாள் கோல்கீப்பர் செபஸ்தியானுக்கு ஒரே குரல்தான் வேண்டும். இறுதிப் போட்டியில் அவன் பந்தைத் தவறவிட்டதும், "விலை போயிட்டான்டா" என்று முதலில் கத்திய குரல். அதை நம்பித்தான் ஊரே அவன்மேல் காறித் துப்பியது.

"பழசைக் கிளறாதே, வாடா போகலாம்," என்று அண்ணன் ஆரோக்கியம் கையைப் பிடித்து இழுத்தான்.

செபஸ்தியான் உதறிவிட்டு, சுவரில் அந்தப் போட்டிக்கென்று இருந்த பொத்தானை அழுத்தினான். குரல் வந்தது. கூடவே அது கிளம்பிய இருக்கையில் விளக்கு எரிந்தது. வீரர்களின் வீட்டாருக்கான வரிசை. அண்ணனுக்காக அவனே கெஞ்சி வாங்கிக் கொடுத்த இடம்.

ஆரோக்கியம் வாசல் பக்கம் திரும்பினான்.

"பேசுண்ணே," என்றான் செபஸ்தியான். "சுவர் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."