மணலில் ஒரு தடம்கூட இல்லை

"ஒரு எலிகூட வரலையாய்யா உன் பாலத்துக்கு?"

மேலதிகாரி கேட்டதும் கூட்ட அறையே சிரித்தது. இன்ஜினியர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

சின்ன ஓடைப்பாலம்தான். வேறு யாராவது இருந்தால் நாலு குழாயைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் பாலத்தை அகலமாக்கி, அடியில் தண்ணீரை ஒட்டி ஒரு மேடை கட்டி, அதன்மேல் மணல் பரப்பினார். நரியும் மரநாயும் ரோட்டில் ஏறி லாரியில் அடிபடாமல் கீழேயே கடந்து போகட்டுமே என்றுதான். அன்றிலிருந்து ஆபீசில் அவருக்கு 'நரி மாமா' என்று பெயர்.

"எட்டு மாசம் குடுத்தாச்சு. இந்த ரோட்டுல இன்னும் பதினோரு பாலம் பாக்கி. இது பலிச்சா எல்லாத்துக்கும் உன் டிசைன், இல்லேன்னா எல்லாத்துக்கும் குழாய். பேசினோமா இல்லையா?"

"பேசினோம் சார்."

"மணல்ல தடம் இருக்கா?"

"இல்ல சார். நானும் தினம் போய்ப் பாத்துட்டுதான் இருக்கேன்."

அதில் பொய்யில்லை. மழையோ காய்ச்சலோ, ஆபீஸ் விட்டதும் ஓடைக்கு ஓடிவிடுவார். புதுத்தடம் விழுந்தால் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று மணலை ஒழுங்குபண்ணிவிட்டு, இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். "பொண்ணு பொறந்தப்பகூட ஆஸ்பத்திரிக்கு இப்படி தினம் ஓடி வரல நீங்க. வீட்டு விளக்குமாத்தையும் தூக்கிட்டுப் போயாச்சு!" என்று மனைவி இடித்துக்காட்டுவாள்.

நேற்றுகூட மேலே ரோட்டில் ஒரு மரநாய் நசுங்கிக் கிடந்தது. கீழே மணல் இவர் விட்ட மாதிரியே கிடந்தது. ஐயோ, நாலடி கீழே இறங்கியிருக்கக் கூடாதா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாலத்தடியில கேமரா வெச்ச காட்டிலாகாப் பொண்ணு வந்துட்டு இருக்காங்க சார். கேமராப் பெட்டிச் சாவி அவங்ககிட்டதான். படத்தையும் ஒருதடவை பாத்துட்டு..."

"மணல்ல இல்லாதது படத்துல எங்கேர்ந்துய்யா வரும்? போடு கையெழுத்தை."

'பயனில்லை' என்று எழுதியிருந்தது. பேனா நகரவே மாட்டேன் என்றது. ஊரில் இருக்கிற நரியெல்லாம் சேர்ந்து தன்னைக் கைவிட்டுவிட்டதாகத் தோன்றியது அவருக்கு. போட்டார். பதினோரு பாலத்துக்கும் குழாய் அனுப்பச் சொல்லிப் போனில் பேசிக்கொண்டே, பைலோடு வெளியே போனார் மேலதிகாரி. மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

காலி அறையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி மூச்சிரைக்க வந்தாள் காட்டிலாகாப் பெண்.

"சார், வந்திருக்கு சார்!"

இன்ஜினியர் துள்ளி எழுந்தார். "என்னம்மா சொல்றே? எது வந்திருக்கு?"

"நரி, மரநாய், முள்ளம்பன்றி எல்லாமே. எண்பத்து மூணு தடவை! உங்க டிசைன்ல ஒரு குறையும் இல்ல சார். நேரா மேடை ஓரக் கல்லு வரைக்கும் வருதுங்க. மணலை மோந்து பாக்குதுங்க. அப்புறம் மிரண்டுபோய்த் திரும்பி ரோட்டுக்கு ஏறிடுதுங்க."

"ஏன்மா? அப்படி என்ன இருக்கு அந்த மணல்ல?"

"மனுஷ வாடை சார். யாரோ ஒரு கிறுக்கன் தினம் சாயங்காலம் அங்க வந்து உக்காந்துடறான். அப்புறம் எது அதுல கால் வைக்கும்? நீங்களே பாருங்க."

லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். மங்கலான படத்தில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் சாத்தி வைத்திருந்த விளக்குமாறு அவர் வீட்டுடையது.