பூச்சி மாத்திரை

காலை வெயில் அடுக்களைத் தொட்டியில் விழுகிறது. அடியில் வெள்ளையாக ஏதோ கரைந்து படிந்திருக்கிறது. மருமகள் காலி டப்பாவோடு நிற்கிறாள். கணவனின் குடல் ஒட்டுண்ணிக்கென்று டாக்டர் கொடுத்ததையும் அவனுடைய எச்.ஐ.வி. மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் போட்டு, எல்லாமே பூச்சி மாத்திரை என்று மாமியாரிடம் சொல்லி வைத்தவள் இவள்தான். “வயித்துப்போக்குதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்குடி அந்தக் கருமம்? என் புள்ள எலும்பும் தோலுமா கிடக்கிறான். அத்தனையும் கரைச்சு ஊத்திட்டேன்” என்கிறாள் மாமியார், தலைச்சுமையை இறக்கி வைத்தவள் போல. “அத்தை, அது...” என்று இவள் வாயெடுக்கிறாள். எதிர் அறைக் கட்டிலில் கிடக்கும் கணவன், சொல்லாதே என்று தலையை மெல்ல ஆட்டுகிறான். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறான். “நல்ல வேலை செஞ்சேம்மா.” மாமியார் குழாயைத் திறந்து, மிச்ச வெள்ளையையும் கையால் தேய்த்துக் கழுவி விடுகிறாள்.