லீவிலும் கூப்பிட்டால் வரணும்

வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தத்தை அந்த விமானி மூன்றாவது முறையாகத் திருப்பி நீட்டியதும், ஒப்பந்த அதிகாரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“ஆறு வாரம் அங்க பறக்கணும், ரெண்டு வாரம் லீவு. அந்த லீவுலயும் கூப்பிட்டா ஓடி வரணுமா? எந்தப் புண்ணியவான் எழுதினது?”

“நான்தான்.”

“உங்களுக்குக் குடும்பம் குட்டி கிடையாதா?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இஷ்டம் இல்லன்னா விடுங்க, ஆளுங்க வரிசைல நிக்கிறாங்க.”

விமானி கையெழுத்துப் போட்டார்.

“அப்ப பாப்பாவுக்குத் தலை பின்னி விடுறது, உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் இனி உங்க பாடு. லீவுலகூட என்னை நம்பாதீங்க” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள், அதிகாரியின் மனைவியான அந்த விமானி.

அதிகாரி அவசரமாகச் சிவப்புப் பேனாவைத் தேடினார்.

“இரும்மா! அந்த வரியை எல்லாருக்குமே அடிச்சிடலாம்.”