அன்றைய உச்சி மணி

மாதா கோயில் மணிக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வயலில் உழும் செவலைக் காளையிடம் தினமும் பீற்றிக்கொள்ளும்.

"இந்தக் கோயில் ஓலைக் கொட்டகையா இருந்தப்பவே வந்தவன் நான். கூரை மாறிச்சு, சாமியார்கள் மாறினாங்க. இன்னைக்கும் நான் அடிச்சாத்தான் ஊரே செபம் சொல்லும்."

"உன்னை வண்டியில இழுத்துட்டு வந்தது எங்க பூட்டன்தான்," என்றது செவலை. "நீ அடிச்சா எங்களுக்கும் ஓய்வு. நல்லா இரு."

ஒருநாள் மணிக்கயிறு அறுந்துவிட்டது. உச்சிவேளையில் பழக்கதோஷத்தில் செவலை பாதி உழவுச் சாலில் நின்றது. கம்பை ஓங்கிய உழவர் இன்னாசி சூரியனை அண்ணாந்து பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து, சிலுவை போட்டு, செபம் சொல்ல ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்ற ஏர்களும் நின்றன.

கோபுரத்தில் மணி பதறியது. "கயிறே இல்லையே, யாருடா மணி அடிச்சது?"

"நான்தான்," என்றது செவலை, அசைபோட்டபடியே. "இன்னைக்கு உனக்கும் ஓய்வு."