பரீட்சைக்கு வராத பக்கம்

நவம்பர் மாத மாலை வெயில் சமையலறை மேசையில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. தொலைவில், படைமுகாமுக்கு மேலே ஹெலிகாப்டர் ஒன்று உறுமியபடி சுற்றுகிறது. ஒடெசா தன் நர்ஸ் படிப்புப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கிறாள். எதிரே அவள் கணவன் மார்லன், ஆறிப்போன காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தப் படிப்புக்கான பணம், படைவீரனாக இருந்த அவனுக்குப் பட்டாளம் கொடுத்தது. போரில் குண்டு வெடித்துத் தலையில் அடிபட்டதிலிருந்து அவன் கண்ணில் எழுத்து நிற்பதில்லை. அதனால் மனைவி பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டான்.

“என்ன நர்ஸம்மா, என் படிப்பைப் படிக்கிற, பாஸாவது பண்ணுவியா?”

“நீ தொணதொணக்காம இருந்தா பண்ணுவேன்.”

சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்புகிறாள். மண்டையின் படம். அவனுக்குத் தழும்பு ஓடுகிற அதே இடத்தில் சிவப்புக் கோடு. கீழே, ‘நாளாக ஆக என்ன நேரும்’ என்று ஒரு தலைப்பு. அவள் சிரிப்பு நின்றுபோகிறது. “இது பரீட்சைக்கு வராது” என்று சொல்லி, தாளைச் சட்டென்று புரட்டுகிறாள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஏதோ பொத்தான் டக் டக்கென்று இடித்துக்கொண்டே இருக்கிறது. மார்லன் குவளையைக் கீழே வைக்கிறான். எழுத்துதான் நிற்பதில்லை, படம் நிற்கிறது. தாளைப் பழையபடி புரட்டி, உள்ளங்கையால் நீவிவிடுகிறான்.

“இது என் பாடம், ஒடெசா. ஒரு வரி விடாம வாசி.”