கல்லான இஞ்சித் தேன்

“மறுபடியும் ஃப்ரிட்ஜுல வச்சிட்டியா? இஞ்சித் தேன் கல்லாட்டம் இருக்கு. தேன் கம்பெனியில வேலை பாக்குறவ பண்ற காரியமா இது?” என்றான் கணவன்.

“கை மறதிங்க” என்றாள் மனைவி.

முணுமுணுத்துக்கொண்டே வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். தேன் இளகுவதற்குள் அவன் தன் மேனேஜரைப் போலத் தொண்டையைச் செருமிக் காட்ட, அவளுக்குச் சிரிப்பில் புரையேறியது. கடைசியில் அரக்கப்பரக்க ரொட்டியை விழுங்கிவிட்டு ஓடினான்.

வேலைக்குப் போன அவள் அன்றும் பாட்டில்களில் லேபிள் ஒட்டினாள். ‘ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். ஈரக் கரண்டி கூடாது.’

மறதியெல்லாம் இல்லை. தேன் இளகியிருந்தால் ரொட்டியில் தடவி, நின்றபடியே தின்று கிளம்பிவிடுகிற ஆள் அவன். வீடு திரும்பினால் அலுப்பில் பேச்சே வராது. இருந்தாலும் தினமும் அவனுக்குத் தாமதமாகிறதே என்று மனசு கேட்கவில்லை. படுக்கும் முன் பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிட்டாள்.

காலையில் அலமாரியில் பாட்டில் இல்லை. கணவன் ஃப்ரிட்ஜைத் திறந்து அதை எடுத்தான்.

“மறுபடியும் வச்சிட்டியா?” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“கை மறதிங்க” என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.