நீங்க யார் பக்கம்?

“மேடம், ரயில்வே டீமோட மோதறதுக்கு நாம பேர் கொடுத்திருக்கவே கூடாது. அவங்க எங்க, நம்ம பொண்ணுங்க எங்க?”

தாம்பரம் மைதானத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரிச் செயலாளர் எட்மண்ட் இப்படிச் சொன்னதும், பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச் ஹில்டா ஷூ லேஸை இறுக்கியபடியே சிரித்தார்.

“ஃபைனல் வரைக்கும் வந்துட்டோமே சார்.”

“வந்து? ஊரே வேடிக்கை பார்க்கத் தோக்கணுமா?”

“இந்த டீமை எதிர்த்து ஒரு தடவையாவது ஆடிப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை சார்.”

எட்மண்டுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, இந்த ஜூனில்தான் செயலாளர் பொறுப்புக்கு வந்திருந்தார். வந்த அன்றே அவர் கண்ணில் பட்டது ஆபீஸ் அறையின் கோப்பை அலமாரி. செஸ், த்ரோபால், ஓட்டப்பந்தயம் என்று எல்லாவற்றுக்கும் கோப்பை இருந்தது. கூடைப்பந்துக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தம்மாதான் கோச். எப்படி இத்தனை காலம் விட்டுவைத்தார்கள்?

இன்றைக்கு மேட்ச் முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். வேறொரு கோச்சிடம் பேசியும் வைத்தாயிற்று.

விசில் ஒலித்தது.

ரயில்வே பெண்கள் ஆளுக்கொரு புயலாக இருந்தார்கள். அவர்களுடைய கேப்டன் கெசியா பந்தைத் தொட்டாலே கூட்டம் ஆர்ப்பரித்தது. கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவி பிளஸ்ஸி எப்படியோ பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட, ஹில்டா கோட்டோரத்தில் நின்று கத்தினார்.

“லெஃப்ட்ல போ! லெஃப்ட்!”

பிளஸ்ஸி திரும்புவதற்குள் கெசியா இடது பக்கம் போய் நின்றிருந்தாள். பந்து பறிபோனது.

“பின்னால வாங்க எல்லாரும்!” என்றார் ஹில்டா. கல்லூரிப் பெண்கள் அசைவதற்குள் ரயில்வே பெண்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

“கையைத் தூக்கு!” என்றார். அவர்கள் கைதான் முதலில் உயர்ந்தது.

எட்மண்ட் பல்லைக் கடித்தார். நம் திட்டத்தையெல்லாம் கூவிக் கூவி எதிராளிக்குத் தானம் பண்ணுகிறாரே! அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. கெசியா பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் வலைக்குள் இறங்க, ஹில்டாவின் இரண்டு கைகளும் தட்டுவதற்காக நெருங்கி வந்தன. சட்டென்று சுதாரித்துக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எட்மண்ட் அதையும் பார்த்துவிட்டார்.

இடைவேளையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நேரடியாவே கேக்கறேன் மேடம். நீங்க யார் பக்கம்?”

“ஏன் சார் அப்படிக் கேக்கறீங்க?”

“நீங்க கத்துறது நம்ம பிள்ளைங்களுக்கு முன்னாடி அவங்க காதுல விழுது. அவங்க பாயிண்ட் எடுத்தா உங்களுக்குக் கை தட்ட வருது. அந்தப் பக்கம் ஏதாவது வேலை பேசி வெச்சிருக்கீங்களா?”

ஹில்டாவின் முகம் வாடிப்போனது.

“மேட்ச் முடியட்டும் சார், பேசிக்கலாம். இப்ப பிள்ளைங்க காத்துட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டுத் தன் அணியிடம் போனார். “பிளஸ்ஸி, இங்க பாரு. அந்த கேப்டனைப் பார்த்துப் பயப்படாத. அவளுக்கும் ரெண்டு கைதான். மோதிப் பாரு.”

பிளஸ்ஸி மோதித்தான் பார்த்தாள். அடுத்தடுத்து மூன்று முறை கெசியாவை ஏமாற்றிவிட்டுப் பந்தை வளையத்துக்குள் போட்டாள். கூட்டம் எழுந்து நின்றது. கடைசி நிமிடம் வரை கல்லூரிப் பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். கோப்பை ரயில்வேக்குப் போனது.

எட்மண்ட் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். யாரோ வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

“சார், நான் வைத்தீஸ்வரன். ரயில்வே டீம் மேனேஜர். நீங்கதான் காலேஜ் செக்ரட்டரின்னு சொன்னாங்க. ஒரு ரிக்வெஸ்ட். அந்தப் பிளஸ்ஸிப் பொண்ணை எங்களுக்கு விட்டுக் கொடுங்க சார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எடுத்துக்கறோம்.”

“ஜெயிச்சது நீங்க. தோத்த டீம்ல வந்து ஆள் தேடறீங்களே?” என்றார் எட்மண்ட் கசப்பாக.

“வேற எங்க சார் தேடறது? எப்பவும் இங்கதான வர்றோம். நல்லா ஆட ஆரம்பிச்ச உடனே நாங்க வேலை கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடறோம். வேற கோச்சா இருந்தா, முதல்ல எனக்கு ஒரு கப் வாங்கிக் கொடுன்னு பொண்ணைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க. உங்க மேடம், ‘கப் கிடக்குது, நீ முதல்ல வேலையில சேருடி’ன்னு அனுப்பிடுவாங்க. அப்புறம் உங்களுக்கு எப்படி சார் கப் வரும்?”

எட்மண்டுக்குப் புரியவில்லை. “யாரை அனுப்பினாங்க?”

வைத்தீஸ்வரன் மைதானத்தைக் காட்டினார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு கெசியாவும் மற்ற நான்கு பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஹில்டாவை நோக்கி.

“மேட்ச் முடியறவரைக்கும் பக்கத்துலயே வரக் கூடாதுன்னீங்க. இப்ப வரலாமா மேடம்?” என்று கேட்டபடியே கெசியா கோப்பையை அவர் கையில் திணிக்க, ஐந்து பேருமாகச் சேர்ந்து ஹில்டாவை அலாக்காகத் தோளில் தூக்கினார்கள்.

“அந்த அஞ்சு பேரையும்தான் சார்” என்றார் வைத்தீஸ்வரன். “எல்லாருமே உங்க காலேஜ் பொண்ணுங்க. உங்களுக்குத் தெரியாதா? இன்னைக்குத் தோத்ததும் ஹில்டா மேடம் டீம்தான், ஜெயிச்சதும் ஹில்டா மேடம் டீம்தான்!”